கும்பகோணத்தில் தோழிகளுக்கு ஊர் காட்ட எடுத்த இரண்டு வாடகை வண்டிகள்

கும்பகோணத்துக்கு வேலை மாற்றலாகி வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழிகள் நான்கு பேர் இதுவரை இரண்டு தடவை என்னைப் பார்க்க வந்தார்கள், இரண்டு தடவையும் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். முதல் தடவை எடுத்தது ‘நவக்கிரக பேக்கேஜ்’, ஒரே நாள், 6,500 ரூபாய். இரண்டாம் தடவை சொந்த வண்டி வைத்து ஓட்டும் ஒருவரிடம் பேசி நாள் வாடகை, இரண்டு நாளைக்கும் சேர்த்து 6,900 ரூபாய். நடுவில் 400 ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் முதல் தடவை வந்தவர்கள் அலுத்துப்போய்த் திரும்பினார்கள், இரண்டாம் தடவை பஸ் ஏறும்போதே அடுத்த பயணத்துக்குத் தேதி பார்த்தார்கள். இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்து, “உங்க ஊரைப் பார்க்க வர்றோம்” என்று யாராவது போன் செய்ததும் டிராவல்ஸ் தேடப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விருந்தாளிக்கு ஊர் காட்டப் பேக்கேஜ் எடுக்காதீர்கள். நாள் வாடகை பேசுங்கள், வண்டிக்காரர் உள்ளூர்க்காரராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். தை மாதம், சனிக்கிழமை. அப்போது எனக்கே ஊர் சரியாகப் பிடிபடவில்லை, அலுவலகம் விட்டால் வீடு, வீடு விட்டால் காய்கறிக் கடை என்று இருந்தேன். கும்பகோணம் வருகிறவர்கள் எல்லாரும் நவக்கிரகம்தானே போகிறார்கள் என்று நினைத்து ஒரு டிராவல்ஸில் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். காலை ஐந்தரைக்கு வண்டி வந்தது. திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று காலையில் ஐந்து கோயில். ஒவ்வொன்றிலும் இறங்கும்போதே டிரைவர் “இருபது நிமிஷம் மேடம்” என்பார், நாங்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடி, சன்னதியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வருவோம். கஞ்சனூரில் அந்தப் பிராகாரம் எப்படி இருந்தது என்று இப்போது கேட்டால் எங்களில் ஒருத்திக்கும் நினைவில்லை.

இவ்வளவு ஓடியும் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை தாண்டி நடை சாத்திவிட்டார்கள். டெல்டா கோயில்களில் இது சாதாரணம், பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். டிராவல்ஸ் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாதா என்ன? அவர் அழைத்துப்போன ஹோட்டலில் சுமாரான ஒரு சாப்பாட்டுக்கு விலை அதிகம் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து பூம்புகார் கடற்கரை பக்கம்தான். காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்கலாமே, எப்படியும் அடுத்து அந்தப் பக்கம்தானே போகிறோம் என்று கேட்டோம். “அது பேக்கேஜ்ல இல்ல” என்று சொல்லிவிட்டு சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார். கூடுதல் கிலோமீட்டருக்குப் பணம் தருகிறேன் என்று சொன்னேன், ஆபீஸில் கேட்க வேண்டும் என்றார், ஆபீஸில் யாரும் போனை எடுக்கவில்லை.

நாலு மணிக்குப் பிறகு வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். கடைசியாகத் திருநள்ளாறு. சனிக்கிழமை திருநள்ளாற்றில் கூட்டம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், என்னிடம்தான் டிராவல்ஸில் யாரும் சொல்லவில்லை. ஊர் திரும்ப இரவு பத்தரை. போகிற வழியில் ஐந்து நிமிடம் என்று ஒரு பட்டுக்கடை வேறு. தோழிகளில் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவள் கும்பகோணம் வந்ததே ராமானுஜன் வீட்டைப் பார்க்கத்தான். அந்த வீடு இருக்கும் சாரங்கபாணி சன்னதித் தெருவை வண்டி தாண்டும்போது கண்ணாடி வழியாக இருட்டில் அந்தத் தெருவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அவர்கள் பார்த்ததெல்லாம் வரிசைகளும் வண்டியின் முதுகும்தான். நான் குடியிருக்கும் ஊரில் ஒரு தெருவைக்கூட அவர்கள் நடந்து பார்க்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பரிகாரத்துக்காக, வேண்டுதலுக்காக ஒரே நாளில் ஒன்பது தலமும் போக வேண்டும் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த ஓட்டம் தேவையான ஓட்டம். அப்படி வருகிறவர்களும் தனியார் பேக்கேஜுக்கு இவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விடுகிறது, 2024-ல் தொடங்கியபோது ஆளுக்கு 750 ரூபாய் கட்டணம். தனியாகவோ இரண்டு பேராகவோ வருகிறவர்களுக்கு அதுதான் சரி. என் தோழிகள் வேண்டுதலோடு வந்தவர்கள் இல்லை, என்னைப் பார்க்கவும் நான் இருக்கும் ஊரைப் பார்க்கவும் வந்தவர்கள்.

இரண்டாம் தடவை ஆடியில் வந்தார்கள், பதினெட்டாம் பெருக்கு முடிந்த அடுத்த வாரம், சனி ஞாயிறு. இந்தத் தடவை எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவர் ஒரு அண்ணனின் எண்ணைக் கொடுத்தார், அவர் சொந்தமாக ஒரு வண்டி வைத்து ஓட்டுகிறவர், சுவாமிமலைப் பக்கம் ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர், நிலமும் உண்டு, நடவு அறுவடை நாட்களில் வண்டி எடுக்கமாட்டார். போன் செய்ததும் நான் கோயில் பெயர்களை அடுக்க ஆரம்பித்தேன். “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. வர்றவங்க யாரு, என்ன வயசு, வெயில்ல நடப்பாங்களா, என்ன பார்க்கணும்னு ஆசைப்படுறாங்க, அதைச் சொல்லுங்க” என்றார். இந்தக் கேள்வியைப் பேக்கேஜ்காரர்கள் யாரும் கேட்கவில்லை. கணக்கு டீச்சரைப் பற்றிச் சொன்னேன், தீப்பெட்டித் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன், முழங்கால் வலி உள்ள ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன், போன தடவை நடந்ததையும் சொன்னேன்.

அவர் போட்ட கணக்கு எளிமையானது, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. கோயில்களைக் காலையிலும் சாயங்காலத்திலும் வைத்தார். நடை சாத்தும் மத்தியான நேரத்தில் கோயில் அல்லாத இடங்களை வைத்தார்: பட்டறை, அருங்காட்சியகம், ராமானுஜன் வீடு. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடம், மிச்சம் வழியில் வருவது. வாடகை 10 மணி நேரம், 100 கிலோமீட்டருக்கு 3,000 ரூபாய், பேட்டா அதற்குள்ளேயே. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18, மணிக்கு 200. பார்க்கிங் நம் செலவு. இதை வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை விடிகாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஆளுக்கொரு பை கடலைமிட்டாயோடு வந்தார்கள். முதலில் காபி. நாட்டில் எந்த நெடுஞ்சாலையில் போனாலும் கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு மாட்டி, பித்தளை டபராவில் ஊற்றிக் கொடுக்கிறார்கள், அதைக் குடித்துவிட்டு இதுதான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தவர்கள். இங்கே பால் தண்ணீர் கலக்காமல் இருக்க வேண்டும், டிகாக்ஷன் முதல் டிகாக்ஷனாக இருக்க வேண்டும், இரண்டும் இருந்தால் டபரா எவர்சில்வராக இருந்தாலும் பரவாயில்லை. அண்ணன் நிறுத்திய கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. அப்புறம் இட்லியும் கடப்பாவும். கடப்பா தெரியாதவர்களுக்கு: பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு, கசகசா அரைத்துவிட்டது, சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவில் ஒன்று, இந்த வட்டாரத்தைத் தாண்டினால் கிடைப்பது கஷ்டம். எல்லா ஹோட்டலிலும் எல்லா நாளும் போடமாட்டார்கள், எங்கே போடுகிறார்கள் என்று முதல் நாளே கேட்டு வைத்திருந்தார்.

எட்டரைக்குத் தாராசுரம். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தோம். அண்ணன் கைடு மாதிரி கதை சொல்லவில்லை, “நான் கைடு இல்லம்மா, தெரியாததைச் சொல்லக்கூடாது” என்றார். ஆனால் எங்கே குனிந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் சிற்பம், ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் ரிஷபம். குதிரை இழுக்கும் தேர் போலச் சக்கரம் வைத்த இராசகம்பீரன் திருமண்டபம். கருவறைச் சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில் வரிசையாக நாயன்மார் கதைகள், ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் புத்தகம் அகலம்தான் இருக்கும், அதற்குள் ஆறும் முதலையும் மரமும் வீடும். முழங்கால் வலிக்காரி தரையில் உட்கார்ந்துகொண்டு நகர்ந்து நகர்ந்து பார்த்தாள், எங்களைவிட அதிகம் பார்த்தது அவள்தான். பேக்கேஜில் ஒரு கோயிலுக்கு இருபது நிமிடம் என்றால் இந்த வரிசையில் பாதியைக்கூடப் பார்த்திருக்க முடியாது.

பதினொன்றேகாலுக்கு ராமானுஜன் வீடு. ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, சின்ன அறை, ஜன்னலோரம் ஒரு கட்டில். சாஸ்திரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. சட்டென்று பார்த்தால் ஐந்து நிமிட வேலை. டீச்சர் அங்கே முக்கால் மணி நேரம் இருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னாள்: காகிதம் வாங்கக் காசில்லாமல் ஸ்லேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தவர், 1904-ல் இதே ஊர் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர வேறு பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தவர். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்த அண்ணன் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அவர் படிச்ச டவுன் ஸ்கூல்லதாம்மா நானும் படிச்சேன். எங்களுக்கு யாரும் இப்படி உட்கார்ந்து சொல்லல” என்றார். டீச்சர் அவரையும் திண்ணையில் உட்காரச் சொல்லி, 1729 என்ற எண்ணின் கதையை முதலிலிருந்து சொன்னாள். இரண்டு கன எண்களின் கூட்டலாக அதை இரண்டு விதத்தில் எழுதலாம், ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும், அல்லது ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். அவர் போனில் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம்மா என்று தலையை ஆட்டினார்.

மத்தியானச் சாப்பாட்டை விடுங்கள், இலைச் சாப்பாடு, நன்றாக இருந்தது.

இரண்டு மணிக்குச் சுவாமிமலை. வெளியூர்க்காரர்கள் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, பெரிய தெருவில் உள்ள ஷோரூமில் சின்னப் பிள்ளையார் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அண்ணன் எங்களை அழைத்துப்போனது பட்டறைக்கு. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், “வாங்கணும்னு இல்ல, பார்க்க வர்றாங்க” என்று. அதனால் நாங்களும் கூச்சமில்லாமல் உட்கார்ந்தோம், அவர்களும் கையிலிருந்த வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி, அதில் முதலில் உருவத்தைச் செய்கிறார்கள். அளவுக்கு டேப் வைப்பதில்லை, தென்னை ஓலை ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள், முகம் இத்தனை பங்கு, கால் இத்தனை பங்கு என்று. மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாகக் குழைத்து முதல் பூச்சு. அந்த மண்தான் முகத்தின் ரேகை வரைக்கும் அச்சுப் பிடிக்கும், வேறு மண்ணுக்கு அது வராது என்கிறார்கள். அதன் மேல் கனமான பூச்சு, கம்பி கட்டு. காய்ந்ததும் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும், அது இருந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். ஆறியதும் மண்ணை உடைத்தால் உள்ளே சிலை. அப்புறம் உளி வேலை மாதக்கணக்கில், கடைசியாகக் கண் திறப்பு.

தீப்பெட்டி வீட்டுக்காரிக்கு உற்பத்திக் கணக்குதான் முதலில் தோன்றும். ஒரு அச்சில் எத்தனை சிலை எடுப்பீர்கள் என்று கேட்டாள். “ஒண்ணுதாம்மா. அச்சை உடைச்சாத்தானே சிலையே வெளிய வரும்” என்றார் ஒரு பெரியவர். உலோகம் உள்ளே சரியாக ஓடாமல் ஒரு விரல் குறைந்துவிட்டால்? மறுபடியும் மெழுகு, மறுபடியும் மண். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவள் வீட்டில் ஒரு நாளைக்குப் பண்டல் பண்டலாகப் போகும் சரக்கு, எல்லாம் ஒரே அச்சு. போகும்போது, இங்கே இன்னொரு நாள் முழுக்க உட்கார வேண்டும் என்றாள்.

பட்டறைக்கு அழைத்துப்போவதில் கமிஷன் ஏதாவது உண்டா என்று அண்ணனிடம் நேராகவே கேட்டேன், போன தடவை பட்டுக்கடை அனுபவம் மனதில் இருந்தது. “வாங்கினா சில இடத்துல கொடுப்பாங்க. அதுக்காக நான் யாரையும் கூட்டிட்டுப் போறதில்ல” என்றார். சாயங்காலம் புடவை பார்க்க வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டபோது திருபுவனம் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் விட்டார். விசிறி மாதிரி மடித்து வைத்திருக்கும் திருபுவனம் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விலை ஒட்டியிருக்கும், பேரம் இல்லை. ஒருத்தி எடுத்தாள், ஒருத்தி பார்த்துவிட்டு வந்துவிட்டாள், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

இரவு மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்தோம். நாலு கரையிலும் 16 மண்டபங்கள். 2016-ல் மகாமகம் நடந்தபோது நான் இந்த ஊரில் இல்லை, அடுத்தது 2028. அதுவரைக்கும் மாற்றல் வராமல் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஏழு இருபத்தைந்துக்கு வந்தார். முதல் குறை இது. கொல்லையில் மோட்டார் பார்த்துவிட்டு வந்தாராம், ஒரு போன் செய்திருக்கலாம். இரண்டாவது, கடைசி வரிசை சீட்டில் கால் நீட்ட இடமில்லை, ஏசி காற்று அங்கே சரியாக வரவில்லை, மாறி மாறி உட்கார்ந்து சமாளித்தோம். மூன்றாவது, ரசீது கிடையாது, கணக்கெல்லாம் ஒரு சின்ன நோட்டில்தான், ஆபீஸில் பயணச் செலவு வாங்குகிறவர்களுக்கு இது உதவாது. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கவே மாட்டார், இதைக் குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் அழைத்து எடுக்காவிட்டால் கோபப்படாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தஞ்சாவூருக்குப் பைபாஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம். அவர் கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு போய், அங்கிருந்து தஞ்சாவூர் போகலாமா என்று கேட்டார். கூடுதல் கிலோமீட்டர் ஆகும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். அந்தப் பாதையில் காவிரி கூடவே வரும். ஆடித் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் குறுவை பச்சை. வண்டிக்குள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. கரிசலில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் வானம்தான், மழை பெய்து கண்மாய் நிறைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு ஆறு இப்படி ரோட்டோடு சேர்ந்து பத்து இருபது கிலோமீட்டர் ஓடிவருவதை அவர்கள் பார்த்ததில்லை. “ஏட்டி, இம்புட்டுத் தண்ணியா?” என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

ஒரு படித்துறையில் நிறுத்தச் சொன்னோம். ஆடிப்பெருக்குக்கு வைத்த மஞ்சளும் கருகமணியும் காய்ந்த பூவும் மேல் படியில் ஒதுங்கிக் கிடந்தன. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். அண்ணன் முன்னால் போய் நின்றுகொண்டு, மூன்றாவது படிக்குக் கீழே ஒருத்தரையும் விடவில்லை. பாசி வழுக்கும், இழுப்பு மேலே தெரியாது, வெளியூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். ஒருத்திக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் நான் இந்த விஷயத்துக்காகவே அவரை மறுபடியும் கூப்பிடுவேன்.

படியில் உட்கார்ந்தபோது தண்ணீர்க் கணக்கைச் சொன்னார், அதைச் சொல்லும்போது அவர் டிரைவர் இல்லை, விவசாயி. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 திறக்க வேண்டும், அணையில் தண்ணீர் இருந்தால். திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணை வந்து சேரும். கரிகாலன் கட்டிய அந்த இடத்தில்தான் பங்கு: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், மிஞ்சினால் கொள்ளிடம். அங்கிருந்து கிளை ஆறு, வாய்க்கால், மடை என்று பிரிந்து பிரிந்து கடைமடைக்குப் போவதற்குள் இன்னும் எத்தனையோ நாள். மேட்டூர் மட்டம் எத்தனை அடி என்பதை இங்கே டீக்கடையில்கூடச் சொல்வார்கள், நான் வந்த புதிதில் அது கிரிக்கெட் ஸ்கோர் போல ஏதோ என்று நினைத்திருக்கிறேன். இப்போது நானும் காலையில் பேப்பரில் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

திருவையாற்றில் சூடாக அசோகா சாப்பிட்டோம், பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அல்வா, வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள், சொல்லும்போதே இப்போதும் வேண்டும் போலிருக்கிறது. தியாகராஜர் சமாதியில் கொஞ்ச நேரம்.

தஞ்சாவூர் அரண்மனைக்குப் பத்தரைக்குப் போனோம். கலைக்கூடத்தில் சோழர் செப்புத்திருமேனிகள். முதல் நாள் பட்டறையைப் பார்த்திருந்ததால் அவர்கள் பார்த்த விதமே வேறாக இருந்தது, உதட்டை, விரல் நுனியை, ஆடை மடிப்பைப் பார்த்தார்கள். ரிஷபவாகனராக நிற்கும் சிவனின் முன்னால் தீப்பெட்டி வீட்டுக்காரி நின்றுவிட்டாள். தலையில் பாம்பையே முண்டாசாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மடக்கி, காளையின் மேல் கையை ஊன்றியபடி நிற்கிறார், காளை இப்போது இல்லை, ஆனால் அந்தக் கை இருப்பதைப் பார்த்தால் காளை அங்கே நிற்பதாகவே தோன்றுகிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்த்தது. ஒரே அச்சு, ஒரே சிலை, அவ்வளவு வருடம் முன்னால், என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கே கிடைத்தது என்று பார்த்தால் திருவெண்காடு. போன தை மாதம் நாங்கள் புதனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓடிவந்த அதே திருவெண்காடு. அந்த ஊர் மண்ணுக்கடியில் இது இருந்தது என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கோயிலை அப்படிக் கடந்திருப்போமா?

சாயங்காலம் பெரிய கோயில். நாலரைக்குப் பிறகுதான் உள்ளே அனுப்பினார், அதற்கு முன்னால் போனால் கல் காலைச் சுடும், விமானத்தை அண்ணாந்து பார்க்க முடியாமல் நிழல் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்றார், சரியாகத்தான் சொன்னார். 1010-ல் முடித்த கோயில், 216 அடி விமானம், வெயில் சாயச் சாய அதன் நிறம் மாறுவதைப் புல்தரையில் உட்கார்ந்து பார்த்தோம். டீச்சர் சுவரில் உள்ள கல்வெட்டுகளையே சுற்றி வந்தாள். கோயிலில் ஆட வேறு வேறு ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயரும், யாருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்கு நூறு கலம் நெல் என்பதும் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டில் இருக்கிறது. வேலை மாற்றலாகி வந்த பெண்களுக்கு வீட்டு ஒதுக்கீட்டு ஆணை மாதிரி என்று சொல்லிவிட்டு, அவள் என்னைப் பார்த்தாள். புது ஊருக்கு வந்து இறங்கிய முதல் வாரத்தில் வீடு கிடைக்காமல் நான் அவளிடம் போனில் அழுதது அவளுக்கு நினைவிருக்கிறது.

ஆறே முக்காலுக்குக் கிளம்பி எட்டு மணிக்கு வீடு, பை எடுத்துக்கொண்டு எட்டரைக்குப் பஸ் நிலையம். முதல் நாள் 3,000. இரண்டாம் நாள் 118 கிலோமீட்டர், 13 மணி நேரம். நோட்டில் போட்டுக் காட்டினார்: 3,000, கிலோமீட்டருக்கு 324, நேரத்துக்கு 600, ஆக 3,924. 3,900 போதும் என்றார். அவர் தாமதமாக வந்த இருபத்தைந்து நிமிடத்தை நான் சொல்வதற்கு முன்னால் அவரே கழித்துத்தான் நேரத்தை எழுதியிருந்தார்.

வண்டி பேசும்போது மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் எங்கிருந்து எங்கே வரை எண்ணுவார்கள், வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்தா, உங்கள் வீட்டிலிருந்தா? ஓட்டப்போவது பேசுகிற ஆளேதானா, வேறு யாரையாவது அனுப்புவார்களா? நடை சாத்தும் நேரத்தில் எங்கே வைத்திருப்பார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கேட்டாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். நவக்கிரகம் போவதாக இருந்தால் திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை வேண்டாம். ஆவணி கடைசியிலிருந்து சம்பா நடவு நேரத்தில் இந்த அண்ணனைப் போலச் சொந்த நிலம் உள்ளவர்கள் கிடைப்பது கஷ்டம், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

அவர் எண்ணை இங்கே போடவில்லை, அவரிடம் கேட்காமல் போடுவது முறையல்ல.

டீச்சர் போன வாரம் போன் செய்தாள். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித நாள், பள்ளியிலிருந்து பதினொரு பிள்ளைகளை அழைத்து வர அனுமதி வாங்கிவிட்டாளாம். அண்ணனிடம் சொன்னேன். என் வண்டி பத்தாது, கூட்டாளியிடம் ஒரு வேன் இருக்கிறது, அதை நானே ஓட்டிவருகிறேன் என்றார். அப்புறம், “அந்த டீச்சர் திண்ணையில உட்கார்ந்து சொன்னாங்களே, அதை மறுபடி சொல்வாங்கள்ல? என் பொண்ணு ஏழாவது படிக்குது, அவளையும் கூட்டிட்டு வரலாமா?” என்று கேட்டார். வேனில் எத்தனை சீட் என்று கேட்டுக்கொண்டேன்.